இரண்டு கடம்பூர்: ‘பொன்னியின் செல்வ’னும் கரிசல் நிலத்தின் மனக்குறையும்

கல்கி ரா. கிருஷ்ணமூர்த்தியின் ‘பொன்னியின் செல்வன்’ 1950 அக்டோபர் முதல் 1954 மே வரை ‘கல்கி’ வார இதழில் தொடர்கதையாக, அதாவது வாரந்தோறும் சில அத்தியாயங்களாகப் பகுத்து அச்சிடப்படும் நெடுங்கதையாக வெளிவந்து, பின்னர் ஐந்து பாகங்கள் கொண்ட நூலாகி, எழுபது ஆண்டுகளுக்கு மேலாகத் தமிழரின் பெருவிருப்பத்துக்குரிய நாவலாக நிலைத்து நிற்கிறது. அதைப் போற்றியவர்களின் வரலாறு முன்னுரைகளிலும் நினைவுக் குறிப்புகளிலும் விரிவாகப் பதிவாகியிருக்க, அதைப் படித்து மனம் நிறையாமல் போனவர்களின் வரலாறோ சிற்றிதழ்க் கட்டுரைகளிலும் விமரிசன நூல்களின் ஓரங்களிலும் சிதறிக் கிடக்கிறது. அந்த மனக்குறையை ரசனை வேறுபாடு என்றோ, பலர் விரும்புவதை மறுப்பதில் சிலர் காணும் பெருமிதம் என்றோ தள்ளிவிடுவது எளிது. ஆயினும் கோவில்பட்டியைச் சுற்றிய கரிசல் வட்டாரத்தில் நின்று அதை ஆராயும்போது, நிலம் சார்ந்த காரணமும் வரலாறு சார்ந்த காரணமும் அதற்கு உண்டு என்பதும், பிற்காலத்தில் தமிழுக்கு வேறொரு வகை வரலாற்று நாவல் கிடைத்ததற்கு அவையே அடிநிலையாக இருந்தன என்பதும் புலப்படுகின்றன.

தமிழ்நாட்டில் கடம்பூர் என்ற பெயரில் ஒன்றுக்கு மேற்பட்ட ஊர்கள் உள்ளன. நாவலில் சிற்றரசர் சம்புவரையரின் மாளிகை அமைந்திருக்கும் கடம்பூர், இன்றைய கடலூர் மாவட்டத்தில் காட்டுமன்னார்கோயிலை அடுத்து, வீராணம் ஏரியின் அண்மையில் இருப்பது. அங்குள்ள மேலக்கடம்பூர்ச் சிவன் கோயில், சக்கரங்களும் குதிரைகளும் பூட்டிய தேரின் வடிவில் அமைந்த கருவறையால் புகழ்பெற்றது. மற்றொரு கடம்பூர், தூத்துக்குடி மாவட்டத்தில், கோவில்பட்டிக்குத் தெற்கே, மதுரையிலிருந்து திருநெல்வேலிக்குச் செல்லும் ரயில்பாதையில் உள்ளது. முன்பு ஜமீன் ஊராக இருந்த இது, இன்று ரயில் பயணிகளுக்குப் போளியால் அறிமுகமான ஊர். நடைமேடையில் விற்கப்படும் பருப்புப் போளியும் தேங்காய்ப் போளியும் அவ்வூர்ப் பெயரை ரயில் செல்லும் தொலைவெல்லாம் கொண்டு சென்றிருக்கின்றன. இதற்கு அடுத்துத் தெற்கே உள்ள மணியாச்சி சந்திப்பில்தான் 1911 ஜூன் 17 அன்று வாஞ்சிநாதன் ஆட்சியர் ஆஷைச் சுட்டார். சற்று மேற்கே உள்ள கயத்தாற்றில்தான் 1799 அக்டோபர் 16 அன்று கட்டபொம்மன் தூக்கிலிடப்பட்டார். இவ்வாறு வரலாற்றின் கனமான நிகழ்ச்சிகள் சூழ்ந்திருக்கும் ஒரு வட்டாரத்தின் வாசகர்கள், தம் ஊரின் பெயரையே தாங்கிய மாளிகையைத் தமிழின் பெரும்புகழ் பெற்ற நாவலில் கண்டபோது, அந்த மாளிகையின் சுற்றுப்புறத்தில் தாம் அறிந்த எதையும் காணவில்லை.

தாம் அறிந்தவற்றுள் அவர்கள் முதலில் தேடியிருக்கக்கூடியது நிலத்தை. கரிசல் என்பது கோடையில் ஆள் கால் புதையும் அளவுக்கு வெடித்துப் பிளந்து, மழையில் குழைந்து, பின்னர் ஈரத்தை நெடுநாள் தன்னுள் தேக்கிவைத்துக்கொள்ளும் கறுத்த மண். வற்றாத ஆறு எதுவும் பாயாத இவ்வட்டாரத்தில், வடகிழக்குப் பருவமழையை மட்டும் நம்பி, புரட்டாசி ஐப்பசியில் விதைத்து, அதன்பின் பனி ஈரத்திலேயே பயிரை விளையவைக்கும் மானாவாரிச் சாகுபடியே தொன்றுதொட்டு நடந்துவருகிறது. கம்பு, சோளம், உளுந்து, பாசிப்பயறு, மிளகாய், மல்லி ஆகியவற்றோடு கருங்கண்ணி என்ற நாட்டுப் பருத்தியும் இந்த மண்ணின் விளைச்சல். கோவில்பட்டியில் பஞ்சாலைகள் எழுந்ததற்கும் அந்தப் பருத்தியே காரணம். ஆடி மாதம் இங்கே நீரின் மாதம் அன்று. மேல்காற்று என்று மக்கள் சொல்லும் மேற்கிலிருந்து வீசும் காற்று புழுதியை வாரி இறைக்க, கண்மாய்கள், அதாவது மழைநீரைத் தேக்கும் ஊர்ப்பொதுக் குளங்கள், அடிமண் தெரியக் காய்ந்து கிடக்க, சம்சாரிகள், அதாவது உழவர்கள், வானத்தைப் பார்த்துக்கொண்டு உழவுக் கருவிகளைச் செப்பனிடும் மாதம் அது.

‘பொன்னியின் செல்வன்’ தொடங்குவதோ ஆடிப் பதினெட்டாம் பெருக்கன்று, கடல் போல் விரிந்து ததும்பும் வீரநாராயண ஏரியின், அதாவது இன்றைய வீராணத்தின், கரையில். முதல் பாகத்துக்கே ‘புது வெள்ளம்’ என்று பெயர். குதிரையில் வரும் நாயகன் வந்தியத்தேவன், எழுபத்துநான்கு மதகுகளில் பாயும் நீரையும், கரையில் கூடிச் சித்திரான்னம் உண்டு பாடும் மக்களையும் கண்டு மகிழ்ந்துவிட்டு, அன்றிரவு கடம்பூர் மாளிகையில் தங்கி, சோழ அரசுரிமை குறித்துச் சிற்றரசர்கள் நடத்தும் இரகசியக் கூட்டத்தை ஒளிந்திருந்து கேட்கிறான். கல்கி மாயவரத்தை அடுத்த புத்தமங்கலத்தில் பிறந்தவர் என்பதை நினைக்கும்போது இந்தத் தொடக்கத்தின் உயிர்ப்பு விளங்கும். பிறந்த மண்ணின் மீதுள்ள அன்பு அந்தப் பக்கங்களில் உண்மையாகவே சுரக்கிறது. ஆனால் அவர் தமிழ் நிலம் முழுவதற்கும் பொதுவான பொற்காலமாக முன்வைத்த காலத்தில், வளம் என்பது ஆற்றுவெள்ளமாகவும் நெல்வயலாகவும் மட்டுமே தோன்றுகிறது. மழைக்குக் காத்திருக்கும் நிலமும் தமிழ் நிலமே, அதற்கும் ஆயிரம் ஆண்டுப் பழமை உண்டு என்ற எண்ணத்துக்கு அந்தச் சித்திரத்தில் இடமில்லை. கரிசல் வாசகர் உணர்ந்த முதல் விலகல் இதுவே எனக் கொள்ளலாம்.

இந்த விலகலைத் தாண்டியும் நாவல் அவர்களைப் பற்றி இழுத்துச் சென்றதற்குத் தொடர்கதை என்னும் தொழிலின் நுட்பம் காரணமாக இருந்தது. எஸ்.எஸ். வாசன் வாங்கி நடத்திய ‘ஆனந்த விகடன்’ இதழில் ஆசிரியராகப் பணியாற்றித் தமிழ் வார இதழின் வாசகரை உருவாக்கிய கல்கி, 1941-ல் டி. சதாசிவத்தோடு சேர்ந்து தம் புனைபெயரிலேயே இதழ் தொடங்கி, ‘பார்த்திபன் கனவு’, ‘சிவகாமியின் சபதம்’ ஆகிய வரலாற்றுத் தொடர்களால் அதை வளர்த்தார். ஒவ்வொரு வாரமும் வாசகரை அடுத்த வாரத்துக்குக் காத்திருக்க வைக்கும் கட்டத்தில் அத்தியாயத்தை நிறுத்துவதும், முன்கதையை நினைவூட்டுவதும், ஓவியர் மணியத்தின் சித்திரங்களால் பாத்திரங்களுக்கு நிலையான முகம் தருவதும் இத்தொழிலின் அடிப்படை முறைகள். ரயிலில் வந்து சேரும் இதழுக்காகக் காத்திருந்து வாங்கி, வீட்டில் ஒருவர் படிக்கப் பலர் கேட்டு, ஆண்டு முடிவில் தொடர்கதைப் பக்கங்களை மட்டும் பிரித்துத் தைத்து பைண்டு செய்து வைத்துக்கொள்ளும் வழக்கம் தமிழ்நாடு எங்கும் பரவியது. நூலாக விலைக்கு வாங்கும் வசதி இல்லாத பல குடும்பங்களில் இந்த பைண்டு தொகுதிகளே நூலகமாக இருந்தன.

வாரந்தோறும் படிப்பவருக்குத் துணையாக இருந்த இந்த முறைகள், முழு நூலாகப் படிப்பவருக்குக் குறைகளாகத் தெரிந்தன. ஒளிந்து கேட்டல், சுரங்கப்பாதை, எதிர்பாராச் சந்திப்பு, உருவ ஒற்றுமை என்னும் உத்திகள் மீண்டும் மீண்டும் வருவதையும், முக்கியமான இரகசியம் ஒவ்வொன்றும் சொல்லப்படவிருக்கும் நொடியில் இடையூறு வந்து தடைபடுவதையும், நடந்தவை பல இடங்களில் திரும்பக் கூறப்படுவதையும் விமரிசகர்கள் சுட்டினர். பிரெஞ்சு எழுத்தாளர் அலெக்சாந்தர் துமா 1844-ல் நாளிதழ்த் தொடராக எழுதிய ‘மூன்று மஸ்கட்டியர்க’ளின் துடுக்கான இளைஞன் தார்த்தஞானுக்கும் வந்தியத்தேவனுக்கும் உள்ள ஒப்புமையும் பலரால் பேசப்பட்டது. எனினும் நாவல் பற்றிய முதல் மனக்குறை விமரிசகர்களிடமிருந்து வரவில்லை, நாவலை வாரந்தோறும் காத்திருந்து படித்த அன்பர்களிடமிருந்தே வந்தது என்பது இவ்வரலாற்றில் குறிப்பிடத்தக்கது. 1954-ல் தொடர் முடிந்தபோது, முடிவு நிறைவாக இல்லை, பாத்திரங்களின் பின்கதை தெரியவில்லை என்று வாசகர்கள் குறைப்பட்டுக்கொள்ள, கல்கி தனியாக ஒரு முடிவுரை எழுதி, வரலாற்று நாவல் ஏன் அவ்வாறு முடிகிறது என்று விளக்கவும், பாத்திரங்களுக்குப் பின்னர் நேர்ந்ததைச் சொல்லவும் வேண்டியிருந்தது. அதே ஆண்டு டிசம்பர் 5 அன்று அவர் மறைந்தார்.

கடம்பூர் மாளிகையில் சோழ இளவரசன் ஆதித்த கரிகாலனைக் கொன்றது யார் என்ற வினாவே முடிவு பற்றிய மனக்குறையின் மையம். காட்டுமன்னார்கோயிலைச் சார்ந்த உடையார்குடியின் அனந்தீஸ்வரர் கோயிலில் உள்ள முதலாம் இராசராசனின் ஆட்சிக்காலக் கல்வெட்டு, பாண்டியன் தலைகொண்ட கரிகால சோழனைக் கொன்ற துரோகிகள் என்று சோமன், இரவிதாசனான பஞ்சவன் பிரமாதிராசன், பரமேசுவரனான இருமுடிச்சோழ பிரமாதிராசன் ஆகியோரைப் பெயர் சொல்லிக் குறித்து, அவர்களுடைய உறவினரின் நிலங்கள் பறிமுதலான செய்தியைத் தருகிறது. கே.ஏ. நீலகண்ட சாஸ்திரியின் சோழர் வரலாற்றையும், தி.வை. சதாசிவ பண்டாரத்தாரின் ‘பிற்காலச் சோழர் சரித்திர’த்தையும் ஆதாரமாகக் கொண்ட கல்கி, இந்தக் கல்வெட்டைச் சுற்றியே கதையை எழுப்பியும், கொலையின் கணத்தை இருளில் நிகழ்த்தி, பழியைப் பலர் மீதும் படரவிட்டு, தீர்ப்புச் சொல்லாமல் விட்டார். வரலாறு ஐயத்துக்கு இடமாக விட்ட ஒன்றை நாவலாசிரியர் ஐயமாகவே விட்டது அவருடைய நேர்மைக்குச் சான்று என்று கருத இடமுண்டு. ஆயினும் இரண்டாயிரம் பக்கங்களுக்கு மேல் விடை தருவதாக நம்பவைத்த ஒரு கட்டுமானம் விடை தராமல் முடிந்தபோது, வாசகர் ஏமாற்றமடைந்ததில் நியாயம் இருந்தது.

எழுத்தாளரிடையே கல்கியை மறுக்கும் போக்கு இதற்கு முன்பே தொடங்கியிருந்தது. ‘மணிக்கொடி’ இதழைச் சார்ந்த எழுத்தாளர்களில், திருநெல்வேலிச் சீமையின் மொழியைச் சிறுகதைக்குள் கொண்டுவந்த புதுமைப்பித்தன், கல்கியின் கதைகள் சில பிறமொழிக் கதைகளின் தழுவல்கள் என்று கடுமையாக எழுதினார். 1948-லேயே இறந்துவிட்ட அவர் ‘பொன்னியின் செல்வ’னைக் காணவில்லை. க.நா. சுப்ரமண்யம், இலக்கியத் தரத்தையும் வாசகர் தொகையையும் பிரித்துப் பார்க்க வேண்டும் என்பதைத் தம் விமரிசனத்தின் அடிப்படையாகவே கொண்டு, நல்ல நாவல்களைத் தொடர்ந்து பரிந்துரைத்தபோது கல்கியின் தொடர்கதைகளை அவற்றுக்கு வெளியே நிறுத்தினார். 1959 ஜனவரியில் சி.சு. செல்லப்பா தொடங்கிய ‘எழுத்து’ இதழ் அந்தப் பிரிவினையை உறுதிப்படுத்தியது. இலங்கையின் க. கைலாசபதி 1968-ல் வெளிவந்த ‘தமிழ் நாவல் இலக்கியம்’ நூலில் சமூகவியல் நோக்கில் நாவலை அணுகினார். இவர்களுடைய வாதங்கள் பெரும்பாலும் வடிவத்தையும் தரத்தையும் கருத்துநிலையையும் பற்றியவை. கரிசல் நிலத்திலிருந்து எழக்கூடிய கேள்வி இவற்றினும் எளியது, ஆனால் இவற்றினும் ஆழமானது: இது யாருடைய கடந்தகாலம்?

கடம்பூரும் கோவில்பட்டியும் பாண்டிய நாட்டின் பகுதிகள். சோழன் தலைகொண்டவன் என்று விருதுப்பெயர் பூண்ட வீரபாண்டியன், ஆதித்த கரிகாலனால் போரில் கொல்லப்பட்டான். அதன்பின் பாண்டிய நாடு முழுவதும் இராசராசனால் வெல்லப்பட்டு, இராசராசப் பாண்டி நாடு என்று பெயர் மாற்றப்பட்டது. நாவலில் இந்தத் தோல்வி, பழிவாங்கத் துடிக்கும் நந்தினியாகவும், நள்ளிரவில் காடுகளில் கூடும் இரவிதாசன் முதலான ஆபத்துதவிகளாகவும், அதாவது அரசனைக் காக்க உயிர் கொடுப்பதாகச் சூளுரைத்த மெய்க்காவலர்களாகவும் உருவெடுக்கிறது. அவர்களுக்கு நாடு ஒன்று இருந்தது, அதில் ஊர்களும் உழவரும் கோயில்களும் இருந்தன என்ற உணர்வை நாவல் தருவதில்லை. பாண்டியர் தரப்பு என்பது சதியாகவும் மந்திரவாதமாகவும் சுருங்கிவிடுகிறது. நந்தினியின் துயரத்தைக் கல்கி பெருந்தன்மையோடு எழுதினார் என்பதையும், நாவலின் மறக்கவொண்ணாத பாத்திரம் அவளே என்பதையும் மறுப்பதற்கில்லை. ஆனால் தோற்ற நாட்டின் வரலாறு ஒரு பெண்ணின் வஞ்சினமாக மட்டும் எஞ்சும்போது, அந்த நாட்டில் வாழ்பவர் நாவலைத் தம்முடையதாகக் கொள்வதற்குத் தம் நிலத்தை மறக்க வேண்டியிருக்கிறது. பெரும்பாலோர் மறந்தே படித்தனர். மறக்க இயலாதவர்களே குறைப்பட்டனர்.

அந்த நாட்டின் சான்றுகள் கிடைக்காத நிலையும் இல்லை. கோவில்பட்டிக்கு மேற்கே உள்ள கழுகுமலையில், பாண்டியர் காலத்தில் ஒரே பாறையை மேலிருந்து கீழாகக் குடைந்து செதுக்கி, முற்றுப்பெறாமல் நின்றுபோன வெட்டுவான் கோயில் இருக்கிறது. அதே மலையின் மற்றொரு பக்கத்தில் சமணத் தீர்த்தங்கரரின் உருவங்கள் வரிசை வரிசையாகச் செதுக்கப்பட்டு, அவற்றின் கீழ், தென்னாட்டில் வழங்கிய பழைய எழுத்துமுறையான வட்டெழுத்தில், செய்வித்தவர்களின் பெயர்கள் பொறிக்கப்பட்டுள்ளன. சமண ஆசிரியைகளான குரத்தியரும் மாணாக்கரும் பற்பல ஊர்களைச் சார்ந்த எளியோரும் இறந்தவரின் நினைவுக்காகவும் அறத்துக்காகவும் அந்த உருவங்களைச் செய்வித்தனர். அரசர் பெயரை மட்டும் தேடுபவர்க்கு அந்தப் பாறை அதிகம் தருவதில்லை. சாதாரண மக்களின் பெயரைத் தேடுபவர்க்கு அது தமிழகத்தின் அரிய ஆவணங்களுள் ஒன்று. தமிழ் வரலாற்று நாவல், தான் பிறந்த நாளிலிருந்து, தேடிச் சென்றது முதல் வகைப் பெயர்களையே.

எளியவர்கள் ‘பொன்னியின் செல்வ’னில் இல்லாமல் இல்லை. படகோட்டும் பூங்குழலி, பூத்தொடுத்துக் கோயிலுக்குத் தரும் சேந்தன் அமுதன், வாய்பேசாத மந்தாகினி ஆகியோர் வாசகரின் பேரன்பைப் பெற்ற பாத்திரங்கள். ஆனால் நாவலின் இறுதியில் சேந்தன் அமுதனே சோழ அரசி செம்பியன் மாதேவியின் உண்மை மகன் என்றும், சோழ அரியணையின் உரிமையாளன் என்றும் தெரியவந்து, அவன் உத்தம சோழனாக முடிசூடுகிறான். அவனை மணந்த பூங்குழலி பட்டத்தரசியாகிறாள். பூக்காரனின் பண்பு போற்றப்படுவது அவன் பூக்காரனாக இருந்ததற்காக அன்று, மறைந்திருந்த அரசரத்தம் அவனில் வெளிப்பட்டதற்காக என்ற முடிவுக்குக் கதையின் அமைப்பே வாசகரைக் கொண்டுசெல்கிறது. ஹங்கேரிய விமரிசகர் கியோர்கி லூகாச் 1930-களில் வரலாற்று நாவலைப் பற்றி எழுதியபோது, வால்டர் ஸ்காட்டின் சிறப்பு, பேரரசர்களை ஓரத்தில் நிறுத்தி நடுத்தர மனிதனை மையமாக்கி, காலமாற்றம் மக்கள் வாழ்வில் எவ்வாறு உறைத்தது என்று காட்டியதே என்றார். வந்தியத்தேவன் அத்தகைய நடுத்தர நாயகனாக அமைந்தும், அவன் கண் வழியே தெரிவது அரண்மனைகளின் உட்புறமே.

இதற்கு எதிர்நிலையில் வைத்து எண்ணத்தக்க சிறுகதை ஒன்றைக் கரிசல் நிலம் தந்திருக்கிறது. கோவில்பட்டியை அடுத்த இடைசெவலில் பிறந்த கு. அழகிரிசாமியின் ‘ராஜா வந்திருக்கிறார்’ கதையில், தீபாவளிக்கு முன்னிரவில் ஓர் ஏழைக் குடும்பத்தின் குடிசையை நாடிவரும் அனாதைச் சிறுவனின் பெயர் ராஜா. செல்வர் வீட்டுப் பையன் தம் வீட்டுக்கு ராஜா வந்திருக்கிறார் என்று பெருமை பேசும்போது, குடிசைச் சிறுமியும் தன் வீட்டுக்கு ராஜா வந்திருப்பதாக மகிழ்ச்சியோடு சொல்கிறாள். அச்சிறுவனுக்கு மறைந்த குலம் எதுவும் பின்னர் வெளிப்படுவதில்லை. அவனுக்குத் துணி உடுத்தி எண்ணெய் தேய்த்துக் குளிப்பாட்டிச் சோறிட்ட ஒரு தாயின் கை மட்டுமே அவனை ராஜாவாக்குகிறது. அழகிரிசாமி இதைக் கல்கிக்கு மறுப்பாக எழுதினார் என்று கூறுவதற்கில்லை. ஆனால் மனித மதிப்பைப் பிறப்பில் தேடாத இந்தப் பார்வையில் பழகிய ஒருவர், சேந்தன் அமுதனின் முடிசூட்டை நிறைவான முடிவாகக் கொள்ள முடியாது என்பது தெளிவு.

கரிசலுக்கும் கல்கிக்கும் இடையே பகை இருந்தது என்று இதனால் எண்ணுவது பிழையாகும். உறவே மிகுதியாக இருந்தது. 1930-களின் நடுவில், பாரதி உலக மகாகவிகளோடு வைத்து எண்ணத்தக்கவரா என்ற விவாதத்தில் எழுத்தாளர் வ.ரா.வுக்கு எதிரணியில் நின்ற கல்கியே, பின்னர் எட்டயபுரத்தில் பாரதிக்கு நினைவாலயம் எழுப்ப வேண்டும் என்று தம் இதழில் வேண்டுகோள் விடுத்து, வாசகர்களிடமிருந்து சிறுசிறு தொகைகளாகப் பணம் திரட்டி, 1945-ல் ராஜாஜியால் அடிக்கல் நாட்டச்செய்து, 1947 அக்டோபரில் மணிமண்டபத்தைத் திறக்கச் செய்தார். கரிசல் வட்டாரம் பெற்றெடுத்த கவிஞனுக்கு அந்த மண்ணிலேயே கட்டடம் எழுந்தது தொடர்கதை வாசகர்களின் பணத்தால் என்பதை இவ்வட்டாரத்தார் நன்றியோடு நினைவில் வைத்திருக்கின்றனர். ரசிகமணி டி.கே. சிதம்பரநாத முதலியார் கல்கியின் நெருங்கிய நண்பர்; அதே ரசிகமணியைத் தம் ஆசானாகக் கொண்டு, கம்பனையும் நாட்டுப்பாடலையும் அனுபவிக்கக் கற்றவர்கள் இடைசெவலின் அழகிரிசாமியும் கி. ராஜநாராயணனும். ஆகவே இங்கே பிறந்த வேறுபாடு, கல்கியை அறியாதவர்களின் புறக்கணிப்பு அன்று. ஒரே திண்ணையில் அமர்ந்து தமிழ் கேட்டவர்களிடையே, எந்தத் தமிழை, யாருடைய கதையை எழுதுவது என்பதில் ஏற்பட்ட வழிப்பிரிவு.

அந்த வழி எங்கே சென்றது என்பதை 1976-ல் வெளிவந்த கி. ராஜநாராயணனின் ‘கோபல்ல கிராமம்’ காட்டுகிறது. வடக்கே முஸ்லிம் ஆட்சியாளன் ஒருவன் தம் குலப்பெண்ணை விரும்பியதால் அஞ்சி ஓடிவந்த தெலுங்கு பேசும் மக்கள், காடாகக் கிடந்த கரிசலைத் தீயிட்டுத் திருத்தி, விளைநிலமாக்கி, ஊராக்கிய வரலாற்றை, நூறு வயது கடந்த மங்கத்தாயாரம்மாளின் நினைவு வழியாகச் சொல்லி, கிழக்கிந்தியக் கம்பெனியின் ஆட்சி முடிந்து விக்டோரியாவின் ஆட்சி அறிவிக்கப்படும் கட்டத்தில் நிறுத்தும் இந்நாவலில் தனியொரு நாயகன் இல்லை. கோட்டையார் வீட்டாரும் ஊர்மக்களும் சேர்ந்தே நாயகர். கல்வெட்டும் செப்பேடும் இல்லாத மக்களுக்குப் பாட்டி சொல்லும் கதையே ஆவணம் என்பதை ஏற்று, அதன் மிகையையும் நம்பிக்கையையும் திருத்தாமல் வைத்துக்கொண்டது இதன் துணிவு. தங்கள் முன்னோர் எப்படி நடந்து வந்தனர், எதைத் தின்றனர், முதல் மழைக்கு எதை விதைத்தனர் என்று கேட்கும் வாசகருக்கு இந்நாவல் விடை சொல்கிறது. இதன் தொடர்ச்சியான ‘கோபல்லபுரத்து மக்கள்’ ‘ஆனந்த விகட’னில் தொடராக வெளிவந்து, 1991-ல் சாகித்திய அகாதெமி விருது பெற்றது, அதாவது கல்கி வளர்த்தெடுத்த அதே வார இதழ்ப் பக்கத்தில் கரிசல் வரலாறு வந்து அமர்ந்தது. தொடர்கதை என்னும் வடிவமே வரலாற்றைச் சிறுமைப்படுத்தும் என்ற சிற்றிதழாளரின் எண்ணம் முழு உண்மை அன்று என்பதற்கு இதுவே போதிய சான்று.

பூமணியின் ‘அஞ்ஞாடி’ இந்த வழியில் மேலும் தொலைவு சென்றது. ஆயிரம் பக்கங்களைக் கடந்த இந்நாவல், கலிங்கல் என்ற சிற்றூரின் குடும்பர், வண்ணார், நாடார் குடும்பங்களின் தலைமுறைகளைத் தொடர்ந்து, பஞ்சங்களையும், கழுகுமலையில் 1895-ல் தேரோடும் வீதியின் உரிமை பற்றி எழுந்த கலவரத்தையும், 1899-ன் சிவகாசிக் கொள்ளையையும் நீதிமன்ற ஆவணங்களும் வாய்மொழியும் கலந்து எழுதுகிறது. ‘பொன்னியின் செல்வ’னுக்கு ஒப்பான நீளமும் ஆராய்ச்சி உழைப்பும் இதற்கு உண்டு, ஆனால் இங்கே சலவைத் தொழிலாளியின் வீட்டு நிகழ்ச்சியும் ஜமீனின் வழக்கும் ஒரே கனத்தோடு எடைபோடப்படுகின்றன. உருளைக்குடியைச் சேர்ந்த சோ. தர்மனின் ‘சூல்’, எட்டயபுரம் அரசுக்கு உட்பட்ட ஊரின் கண்மாயையே மையப் பாத்திரமாக்கி, மடையைத் திறந்து மூடி நீரைப் பங்கிடும் மடைக்குடும்பனின் பொறுப்பையும், ஊரார் கூடிக் கண்மாயைத் தூர்வாரும் குடிமராமத்தையும், விடுதலைக்குப் பின் அந்த அமைப்பு சிதைந்ததையும் சொல்கிறது. வீராணத்தின் மதகுகள் அரசனின் பெருமைக்குச் சான்றாகக் கல்கியிடம் நிற்க, தர்மனிடம் மடை என்பது ஒரு மனிதன் இரவில் எழுந்து நீரில் முங்கித் திறக்க வேண்டிய வேலையாக இருக்கிறது. நீரைப் பற்றிய இரண்டு வரலாறுகளுள் பிந்தையதற்கே கரிசலில் இத்தனை நாள் எழுத்து இல்லாதிருந்தது. பூமணி 2014-லும் தர்மன் 2019-லும் இந்நாவல்களுக்காகச் சாகித்திய அகாதெமி விருது பெற்றனர்.

இந்நாவல்களின் வரவால் ‘பொன்னியின் செல்வ’னின் வாசகர் குறையவில்லை. கல்கியின் நூற்றாண்டை ஒட்டி 1999-ல் அவருடைய படைப்புகள் நாட்டுடைமை ஆனபின், எந்தப் பதிப்பகமும் உரிமைத்தொகையின்றி வெளியிடலாம் என்ற நிலை உருவாகி, மலிவுப் பதிப்புகள் பெருகின. மணிரத்னத்தின் இயக்கத்தில் 2022 செப்டம்பரிலும் 2023 ஏப்ரலிலும் இரு பாகங்களாகத் திரைப்படம் வந்தபோது, அதற்கு வசனம் எழுதியவர், வணிகக் கதைக்கும் இலக்கியத்துக்கும் இடையேயுள்ள வேறுபாட்டைப் பல ஆண்டுகளாக வலியுறுத்திவந்த ஜெயமோகன். ‘பொன்னியின் செல்வ’னை வரலாற்று மிகுகற்பனை, அதாவது வரலாற்றுப் பின்னணியில் வீரமும் காதலும் வியப்பும் மேலோங்க அமைக்கப்படும் கதைவகை என்று வகைப்படுத்தி, அந்த வகைக்குள் அதன் சிறப்பை ஒப்புக்கொள்வது இன்று விமரிசகரிடையே பரவலாகியிருக்கிறது. இந்த வகைப்பாடு பழைய சண்டையைத் தணித்தது உண்மை. ஆனால் வகையை மட்டும் சொல்லிவிட்டால், தம் நிலமும் தம் மக்களும் இல்லாத ஒன்றைத் தமிழர் எல்லோரின் வரலாறாகப் பெற்ற வாசகரின் குறை தீர்ந்துவிடுவதில்லை.

இன்றும் புத்தகக் கண்காட்சிகளில் வரலாற்று நாவல் என்று அடுக்கப்படும் வரிசையில் கல்கியும் சாண்டில்யனும் அவர்களைப் பின்பற்றியவர்களும் இருக்க, ‘கோபல்ல கிராம’மும் ‘அஞ்ஞாடி’யும் ‘சூலு’ம் வட்டார நாவல் என்ற பெயரில் வேறிடத்தில் வைக்கப்படுகின்றன. காவிரிக் கரையின் கதை வரலாறு, கரிசல் காட்டின் கதை வட்டாரம் என்ற இந்தப் பிரிவுக்கு இலக்கிய நியாயம் எதுவும் இல்லை. இந்த மூன்று நாவல்களும், ஆராய்ந்தறிந்த காலத்தில், பெயர் சுட்டத்தக்க இடத்தில், உண்மையில் நிகழ்ந்த பஞ்சம், குடிப்பெயர்ச்சி, கலவரம், நீர்மேலாண்மை ஆகியவற்றின் நடுவே மனிதரை நிறுத்துகின்றன. வரலாற்று நாவலுக்கு வேண்டிய இலக்கணம் வேறில்லை. அவற்றைக் கல்கியின் ஐந்து பாகங்களுக்கு அருகிலேயே அடுக்கி வைப்பது பதிப்பகத்தாரும் நூலகரும் பாடநூல் குழுவினரும் செய்யக்கூடிய செயல்.